திருத்திய பிறகும் தவறு ஓடுகிறதா? இணையச் செய்தி டெஸ்குக்கான பிழை நீக்கும் வழிமுறை

இணையச் செய்தித் தளத்தின் டெஸ்கில், அதாவது செய்திகளைச் செப்பனிட்டு வெளியிடும் பிரிவில், பிழைகள் புதிது புதிதாக முளைப்பதில்லை. அதே ஏழெட்டுப் பிழைகள்தான் ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. ஷிப்டில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் முதல் தடவை பார்ப்பதுபோல் பதறி, கையில் கிடைத்ததைத் திருத்திவிட்டு, மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாமல் நிற்பதைப் பார்த்துச் சலித்தபின் எழுதத் தொடங்கிய குறிப்பு இது. எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும், பணமோ பெயரோ செலவாகும் காரணம் பின்னாலும் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

செய்திகளை ஏற்றித் திருத்தும் மென்பொருளான சி.எம்.எஸ்.ஸைத் திறப்பதற்கு முன் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முகவரியும் நேரமும் அதில் தெரிய வேண்டும். திருத்தியபின் எடுத்தால், முன்பு என்ன இருந்தது என்பதற்கு நம்மிடம் சான்று இருக்காது, புகார் சொன்னவரிடம் மட்டுமே இருக்கும். தவறைச் சொன்னவர் யார், எந்த நேரத்தில், எந்த வழியில் சொன்னார் என்பதைத் திருத்தப் பதிவேட்டில் எழுதுங்கள். பதிவேடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டெஸ்கில் எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு ஷீட் போதும்.

பிறகு அந்தச் செய்தி எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள்: தளம், ஆப், புஷ் நோட்டிஃபிகேஷன் (போன் திரையில் வரும் அறிவிப்பு), ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டாகிராம் கார்டு (படத்தின்மேல் செய்தி வரி எழுதிய அட்டை), வாட்ஸ்அப் சேனல், யூடியூப், நம் செய்தியை எடுத்துப் போடும் திரட்டிகள். கீழே வரும் எல்லா வேலைக்கும் இந்தப் பட்டியலே அடிப்படை, ஏனென்றால் தவறு போன ஒவ்வொரு வழியிலும் திருத்தமும் போக வேண்டும். யார் எழுதினார், யார் பார்க்காமல் விட்டார் என்ற விசாரணையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அந்த ஐந்து நிமிடத்தில் அது தொடங்கினால் எல்லோரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் இறங்கிவிடுவார்கள்.

## அறிகுறி: திருத்திவிட்டோம், ஆனாலும் வாசகர் பழையதையே பார்க்கிறார்

அடிக்கடி வருவது இதுதான். டெஸ்க் திரையில் எல்லாம் சரியாக இருக்கும். திருநெல்வேலியிலிருந்து ஒருவர் பழைய தலைப்போடு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

### பக்கத்திலேயே பழையது தெரிந்தால்

பிரௌசரின் மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில், சி.எம்.எஸ்.ஸில் லாகின் செய்யாமல், ஆபீஸ் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால், அந்த வாசகரின் பிரௌசர் சேமித்து வைத்த நகல்தான் காரணம். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கச் சொன்னால் முடிந்துவிடும். அங்கேயும் பழையதே இருந்தால், பக்கத்தின் நகலை வைத்திருந்து வாசகருக்கு வேகமாகத் தரும் சி.டி.என். சர்வரில் அந்த நகல் (கேஷ்) மாறவில்லை என்று பொருள். லாகின் செய்தவருக்குப் பல தளங்கள் கேஷ் இல்லாத நேரடிப் பக்கத்தைக் காட்டுவதால்தான் டெஸ்கில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அந்தச் செய்தியின் முகவரிக்கும், அது தலைகாட்டும் முகப்பு, பிரிவுப் பக்கம், ‘தொடர்புடைய செய்திகள்’ பெட்டி ஆகியவற்றுக்கும் கேஷைக் காலி செய்யுங்கள். மொத்தத் தளத்துக்கும் கேஷைக் காலி செய்யும் பொத்தானைத் தொட வேண்டாம். தேர்தல் முடிவு நாளில் அதை அழுத்தினால் எல்லா வாசகரும் ஒரே நேரத்தில் மூல சர்வர்மேல் விழுந்து தளமே படுத்துவிடும்.

### பக்கம் சரி, பகிரும்போது மட்டும் பழைய தலைப்பு வந்தால்

பெரும்பாலான சி.எம்.எஸ்.களில் ஒரு செய்திக்கு மூன்று தலைப்புகள் இருக்கும்: பக்கத்துக்கு ஒன்று, தேடுபொறிக்கு ஒன்று, சமூக ஊடகப் பகிர்வுக்கு ஒன்று. முதலாவதைத் திருத்தியவர் மற்ற இரண்டையும் மறந்திருப்பார். மூன்றையும் திருத்தியபின், பகிர்வு முன்னோட்டத்தைச் சோதிக்கும் கருவியான ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கரில் முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் முன்னோட்டம் அனுப்புகிறவரின் போனிலேயே உருவாகி, செய்தியோடு ஒட்டிக்கொண்டு போவது. ஏற்கெனவே அனுப்பப்பட்டவற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது. இனி அனுப்புகிறவர்களுக்குச் சரியானது போகும், அவ்வளவுதான்.

### முகவரியிலும் படத்தின் கோப்புப் பெயரிலும் தவறு தங்கியிருந்தால்

இதை யாரும் பார்ப்பதில்லை. தமிழ்த் தளங்கள் பலவற்றில் பக்க முகவரி ஆங்கில எழுத்தில் இருப்பதால் டெஸ்கின் கண் அதில் படுவதே இல்லை. தலைப்பிலிருந்து ஒருவர் பெயரை நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, முகவரியில் அவர் பெயரும் ‘கைது’ என்ற சொல்லும் அப்படியே நிற்கும். படத்தின் கோப்புப் பெயரும், படத்துக்கு நாம் எழுதிவைக்கும் மாற்று விவரணையும் (ஆல்ட் டெக்ஸ்ட்) இதேபோலத்தான். படத் தேடலில் அவையே அவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு 301 வழிமாற்று போட மறக்கக் கூடாது.

### கூகுளில் பழைய வரி வந்தால்

தளம் நடத்துபவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் அந்த முகவரியை மறுபடி அட்டவணைப்படுத்தக் கோரலாம். அதிலுள்ள தற்காலிக நீக்கம் சுமார் ஆறு மாதத்துக்குத்தான் நிற்கும் என்பதால், பக்கத்தைத் திருத்தாமல் அதை மட்டும் நம்பினால் அரையாண்டு கழித்து அதே புகார் திரும்பி வரும்.

### புஷ் போய்விட்டிருந்தால்

போன புஷ் போனதுதான். தலைப்பில் உள்ள தவறு புஷ்ஷிலும் போயிருந்தால், ‘திருத்தம்’ என்ற சொல்லில் தொடங்கும் இன்னொரு புஷ்ஷை அதே வாசகர் குழுவுக்கு அனுப்புவதே வழி. இரண்டாவது புஷ் எரிச்சலூட்டும், நிறையப் பேர் அறிவிப்பை அணைத்துவிடுவார்கள் என்று மார்க்கெட்டிங் பக்கத்திலிருந்து சொல்வார்கள். அணைக்கலாம்தான். ஆனால் பூட்டிய திரையில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு உள்ளே வராமலே போனவருக்குத் திருத்தம் சென்று சேர வேறு வழியில்லை.

தொழில்நுட்பக் குழுவை எழுப்ப வேண்டிய இடம்: கேஷைக் காலி செய்து பதினைந்து நிமிடம் ஆகியும் இரண்டு வெவ்வேறு நெட்வொர்க்கில் பழையதே வந்தாலோ, தளத்தில் சரியாக இருந்து ஆப்பில் மட்டும் பழையது நின்றாலோ, இரவு எந்நேரமானாலும் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: பழைய செய்தி புதுச் செய்திபோல் சுற்றுகிறது

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின் படங்களும் செய்திகளும் ஒவ்வொரு மழைக்கும் ஒருமுறை உலா வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எளிய காரணம், யாரோ பழைய இணைப்பைப் பகிர்ந்திருப்பது. நம் பக்கத்தில் தேதி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தி கார்டியன் 2019இல் பழைய கட்டுரைகளின் பகிர்வுப் படத்திலேயே ஆண்டைப் பெரிதாகப் பொறிக்கத் தொடங்கியது. பெரிய செலவில்லாத ஏற்பாடு. அடுத்த காரணம் நம்முடையது: சி.எம்.எஸ்.ஸில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தவுடன், ‘வெளியான தேதி’ இன்றைய தேதியாக மாறிவிடும் கோளாறு. வெளியான தேதியும் திருத்திய தேதியும் தனித்தனிப் புலங்களாக இருக்க வேண்டும். ஒரே புலம்தான் இருக்கிறது என்றால் அது டெஸ்கில் தீராது, டெவலப்பரிடம் போக வேண்டியது.

## அறிகுறி: எண் இடிக்கிறது

ஒரு மில்லியன் பத்து லட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இதை டெஸ்க் சுவரில் ஒட்டிவைத்திருந்தும் பட்ஜெட் நாளில் தவறு வரும், ஏனென்றால் செய்தி ஏஜென்சி அனுப்பும் காப்பியை மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் ‘2.5 பில்லியன்’ என்பதை ‘25 கோடி’ ஆக்கிவிடுவார். அது 250 கோடி. மூலத்தை எடுத்து, எண்ணைத் தாளில் சுழியோடு எழுதிப் பாருங்கள். அது சரியாக இருந்தால் நாணயத்தைப் பாருங்கள், டாலர் ரூபாயாகியிருக்கும். அதுவும் சரியென்றால் சதவீதத்தைப் பாருங்கள்: வட்டி 6 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமானால் உயர்ந்தது அரை சதவீதப் புள்ளி. ‘அரை சதவீதம் உயர்வு’ என்பது வேறு கணக்கு. வாக்கு எண்ணிக்கை நாளில் ‘முன்னிலை’ என்பதும் ‘வெற்றி’ என்பதும் இடம் மாறுவதும் இதே இனம்.

மூலமே தவறாக இருந்தால், ஏஜென்சி திருத்திய காப்பி அனுப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம் பெயரிலேயே திருத்தம் போடுங்கள். ஏஜென்சிமேல் பழி போட்டால் வாசகருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. திருத்தக் குறிப்பு இப்படி இருக்கட்டும்:

“திருத்தம் (மாலை 6.40): திட்டத்தின் மதிப்பு 25 கோடி டாலர் என்று இச்செய்தியின் முந்தைய வடிவில் தவறாக இடம்பெற்றிருந்தது. சரியான மதிப்பு 250 கோடி டாலர்.”

‘இச்செய்தி சில மாற்றங்களுடன் புதுப்பிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுவதைத் திருத்தம் என்று நான் ஏற்பதில்லை. புதுத் தகவல் சேர்ந்தால் அது புதுப்பிப்பு. தவறு நீங்கினால் திருத்தம். சொன்னது சரியாக இருந்தும் தப்பாகப் புரிய இடமிருந்தால் விளக்கம். செய்தியின் அடித்தளமே போனால் திரும்பப் பெறுதல். இந்த நான்கில் முதலாவதைப் போர்த்தி மற்ற மூன்றையும் மறைப்பதுதான் தமிழ் இணையத்தில் அதிகம் நடக்கிறது. எழுத்துப் பிழைக்கும் கால்புள்ளிக்கும் குறிப்பு வேண்டியதில்லை. ஆனால் ஆள் பெயரில் வரும் எழுத்துப் பிழைக்கு வேண்டும். 1853இல் வெளியான செய்தியில் சாலமன் நார்த்தப் என்பவரின் பெயரை இரு விதமாகத் தவறாக எழுதியதற்கு நியூயார்க் டைம்ஸ் 2014 மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது.

## அறிகுறி: “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று அழைப்பு வருகிறது

எதிர்த்துப் பேசவும் வேண்டாம், உடனே நீக்குகிறேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். எந்த வரி, சரியாக என்ன சொன்னீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அரை மணி நேரத்தில் திரும்ப அழைப்பதாகச் சொல்லுங்கள், சொன்னபடி அழையுங்கள்.

முதலில் மொழிபெயர்ப்பைப் பாருங்கள். அவர் ஆங்கிலத்தில் ‘நடக்கக்கூடும்’ என்ற பொருளில் சொன்னதை நாம் ‘நடக்கும்’ என்று எழுதியிருக்கலாம். அடுத்து, மேற்கோள் குறிக்குள் இருப்பது அவர் சொற்களா, நிருபரின் சுருக்கமா என்று பாருங்கள். பிறகு, நியூஸ் கார்டுக்காக வெட்டிய ஒரு வரி, பேச்சில் அதற்கு முன்னும் பின்னும் வந்தவற்றை விட்டுவிட்டு வேறு பொருள் தருகிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் சிக்குகிறது. செய்தி சரியாக இருக்கும், கார்டு தவறாக இருக்கும். கடைசியாக, ஒலிப்பதிவைக் கேளுங்கள். பதிவில் அவர் சொன்னது தெளிவாக இருந்து, பேசியபின் மனம் மாறியிருந்தால், செய்தியைத் தொடாமல் அவருடைய மறுப்பைத் தேதியோடு சேர்த்துப் போடலாம். பதிவு இல்லாமல், நிருபரின் நினைவு மட்டுமே இருந்தால் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் வந்துவிட்டால் அந்த நொடி முதல் டெஸ்க் புகார் சொன்னவருடன் தொலைபேசியில் பேசக் கூடாது.

## அறிகுறி: படத்தில் இருப்பவர் வேறொருவர்

ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு மேல், டெஸ்க் தொலைபேசியில் ஒருவர்: “சார், ஆக்ஸிடென்ட்ல செத்துட்டான்னு போட்டோ போட்டிருக்கீங்களே, அது என் தம்பி சார். பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருக்கான். சொந்தக்காரங்க எல்லாம் அழுதுக்கிட்டே போன் பண்றாங்க.” இறந்தவருக்கும் அந்தத் தம்பிக்கும் ஒரே பெயர், ஒரே ஊர். ஸ்ட்ரிங்கர் (அந்த ஊர்ப் பகுதிநேர நிருபர்) படம் அனுப்பவில்லை. டெஸ்கில் ஒருவர் ஃபேஸ்புக்கில் பெயரைத் தேடி, முதலில் வந்த முகத்தை எடுத்துவிட்டார். நான்கு நிமிடத்தில் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டோம். இன்ஸ்டாகிராம் கார்டு நினைவுக்கு வந்தது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. அதுவரை அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேலே சொன்ன பட்டியல் எடுக்கும் வழக்கம் அந்தக் காலையில் தொடங்கியது.

பார்க்க வேண்டிய வரிசை: படம் எங்கிருந்து வந்தது? ஆவணக் கிடங்கிலிருந்து வந்த மாதிரிப் படமாக இருந்து ‘கோப்புப் படம்’ என்ற குறிப்பு மட்டும் விட்டுப்போயிருந்தால், கேப்ஷன் சேர்த்தால் தீரும். சமூக ஊடகத்திலிருந்து எடுத்ததென்றால், காவல் துறையோ குடும்பமோ உறுதிசெய்யும் வரை படத்தை எடுத்துவிடுங்கள். தவறான ஆள் என்று தெரிந்துவிட்டால், படத்தைப் பக்கத்திலிருந்து நீக்குவதோடு மீடியா கிடங்கிலிருந்தும் நீக்குங்கள். கிடங்கில் அதே பெயரில் கிடந்தால் அடுத்த மாதம் இன்னொருவர் நல்ல எண்ணத்தோடு எடுத்து மறுபடி போடுவார். தவறாகக் காட்டப்பட்டவரின் படத்தைத் திருத்தக் குறிப்பில் மீண்டும் போடக் கூடாது. ‘இச்செய்தியுடன் தொடர்பில்லாத ஒருவரின் படம் இரவு 10.50 முதல் 11.45 வரை தவறாக இடம்பெற்றிருந்தது. அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் வருந்துகிறோம்’ என்ற அளவு போதும். அதன்பின் ஆசிரியர் நிலையில் உள்ள ஒருவர் அந்த வீட்டுக்குத் தொலைபேச வேண்டும்.

குற்றச் செய்தியில் நிரபராதி ஒருவரின் படம் போய்விட்டால் அது அவதூறாகலாம். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. திருத்தத்தின் வாசகத்தை வழக்கறிஞர் பார்க்கட்டும், ஆனால் படத்தை நீக்குவதற்கு அவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

### பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால், அல்லது பாலியல் குற்றமென்றால்

இங்கே மேற்சொன்ன ஒழுங்கு தலைகீழாகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, படம் ஆகியவற்றோடு குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி போன்ற அடையாளங்களையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு, நிறுவன உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு பாலியல் குற்றங்களில் வயதுவந்தோருக்கும் இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆகவே முதலில் நீக்குங்கள், பிறகு எல்லா வழிகளிலும் நீக்குங்கள், அதன்பின் ஆசிரியரையும் வழக்கறிஞரையும் அழையுங்கள். முதல் ஐந்து நிமிடத்து ஸ்கிரீன்ஷாட்டை டெஸ்க் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அதுவும் பரப்புவதுதான். ‘பள்ளியின் பெயர் நீக்கப்பட்டது’ என்று குறிப்பு எழுதினால், எதைத் தேட வேண்டும் என்று நாமே வழிகாட்டியதாகும். வெளிப்படைத்தன்மை பேசுகிறவர்கள் இந்த ஓரிடத்தில் அடங்கித்தான் போக வேண்டும்.

## அறிகுறி: உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் போட்டுவிட்டோம்

எளிய காரணம் தயார்நிலைக் கோப்பு. வயதான தலைவர்களுக்கும் நடிகர்களுக்கும் முன்கூட்டியே எழுதிவைக்காத டெஸ்க் கிடையாது. 2020 நவம்பரில் பிரான்ஸின் ஆர்.எஃப்.ஐ. வானொலித் தளம் வேறொரு சி.எம்.எஸ்.ஸுக்கு மாறும்போது, எலிசபெத் அரசி, பெலே உட்பட உயிரோடிருந்த ஏறத்தாழ நூறு பேரின் இரங்கல் கட்டுரைகள் தாமாகவே வெளியாகிவிட்டன. உங்கள் தளத்திலும் சி.எம்.எஸ். மாறப்போகிறது என்றால், அந்தக் கோப்புகளை அதிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு மாறுங்கள்.

செலவு பிடிக்கும் காரணம் அவசரம். 2016 டிசம்பர் 5ஆம் தேதி மாலை, ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அறிவித்தன, அ.தி.மு.க. தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. அப்போலோ மருத்துவமனை மறுத்ததும் கொடி மீண்டும் ஏறியது. அன்றிரவு 11.30 மணிக்கு அவர் இறந்ததாக மருத்துவமனை பின்னர் அறிவித்தது. ‘கடைசியில் உண்மையாகத்தானே போயிற்று’ என்று இதைப் பற்றி இன்றும் டெஸ்கில் சொல்பவர்கள் உண்டு. மாலையில் உறுதியில்லாமல் சொன்னது இரவில் நடந்துவிட்டதால் சரியாகிவிடாது. மருத்துவமனை அறிக்கை, குடும்பத்தார், அரசு அறிவிப்பு ஆகிய மூன்றில் ஒன்றாவது நேரடியாக வராமல், ‘இன்னொரு சேனல் போட்டுவிட்டது’ என்பதற்காகப் போட்டிருந்தால், உடனே திருத்தமும் புஷ்ஷும் அனுப்பிவிட்டு, பக்கத்தை அதே முகவரியில் விளக்கத்தோடு நிறுத்துங்கள். சத்தமின்றி நீக்கினால் ‘எதையோ மறைக்கிறார்கள்’ என்ற வதந்தி அதற்குமேல் கிளம்பும்.

## அறிகுறி: வழக்கறிஞர்கள் நம் நீதிமன்றச் செய்தியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்

பெரும்பாலும் சொல்தான் காரணம். இடைக்காலத் தடை ‘ரத்து’ ஆகியிருக்கும். விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் ‘கைது’ ஆகியிருப்பார். குற்றம் சாட்டப்பட்டவர் ‘குற்றவாளி’ ஆகியிருப்பார். தீர்ப்பு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது, விசாரணையே ஒத்திவைக்கப்பட்டதாக மாறியிருக்கும். இவற்றைச் சொல் மாற்றியும் திருத்தம் போட்டும் சரிசெய்யலாம். அடுத்த நிலை, நீதிபதி விசாரணையின்போது கேட்ட கேள்வியை ‘உத்தரவு’ என்று எழுதியது. உயர் நீதிமன்ற இணையதளத்தில் கையெழுத்தான ஆணை வரும் வரை ‘வாய்மொழியாகக் கருத்துத் தெரிவித்தார்’ என்று மாற்றி வையுங்கள். ரகசிய விசாரணையில் நடந்ததையோ, வெளியிடத் தடை உள்ளதையோ வெளியிட்டிருந்தால் டெஸ்க் அதைத் தானாகத் திருத்த முயல வேண்டாம். நேராக வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.

## அறிகுறி: நாம் போடாத கார்டு நம் லோகோவோடு சுற்றுகிறது

தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கினால் இது வாரந்தோறும் வரும். முதலில், உண்மையிலேயே நாம் போடவில்லையா என்று உறுதிசெய்யுங்கள். அவமானமாக இருந்தாலும் சொல்கிறேன்: ‘போலி’ என்று மறுப்பு வெளியிட்டபின், முந்தைய ஷிப்டில் போட்டு நீக்கிய கார்டுதான் அது என்று தெரியவந்த டெஸ்குகள் உண்டு. அதனால்தான் நீக்கிய கார்டும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

நம்முடையது இல்லையென்றால் எழுத்துருவைப் பாருங்கள். போலி செய்பவருக்கு நாம் காசு கொடுத்து வாங்கிய எழுத்துரு பெரும்பாலும் கிடைப்பதில்லை. தேதி எழுதும் முறை, லோகோவின் ஓரம், தமிழ் ஒற்றுப்பிழை எல்லாம் காட்டிக்கொடுக்கும். அதே தேதியில் நாம் போட்ட உண்மையான கார்டு எது என்று தேடிப் பக்கத்தில் வைத்தால், பெரும்பாலும் அதே படத்தில் வாசகத்தை மட்டும் மாற்றியிருப்பது தெரியும். மறுப்புக் கார்டில் போலியின்மேல் குறுக்காகப் பெரிய எழுத்தில் ‘போலி’ என்று முத்திரை இடுங்கள், மூலையில் சின்னதாக இட்டால் வெட்டிவிட்டு மறுபடி பரப்புவார்கள். சாதி, மத மோதலைத் தூண்டும் வாசகமாக இருந்தால் மறுப்போடு நில்லாமல் சைபர் கிரைம் பிரிவில் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் எண்ணையும் மறுப்பில் சேருங்கள். தமிழ்நாடு அரசு 2023இல் அமைத்த தகவல் சரிபார்ப்பகத்துக்கும் மற்றச் சரிபார்ப்புத் தளங்களுக்கும் நம் உண்மைக் கார்டை அனுப்பிவைக்கலாம். மறுப்பு நம் வாசகரோடு நின்றுவிடுகிறது, போலியோ நம்மைப் பின்தொடராதவர்களிடம்தான் அதிகம் போயிருக்கும்.

## அறிகுறி: பல ஆண்டுக்கு முந்தைய செய்தியை நீக்கச் சொல்லி ஒருவர் எழுதுகிறார்

பெண் பார்க்கப் போன வீட்டில் பெயரைத் தேடினார்கள், வேலை கிடைக்கவில்லை, விசா மறுக்கிறார்கள். இந்த மின்னஞ்சல்களைத் தட்டிக்கழிக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. ஆனால் இவற்றில் பல, நாம் முடிக்காமல் விட்ட செய்திகள்: கைதுக்கு ஆறு பத்தி எழுதினோம், விடுதலைக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

செய்தி வெளியான நாளிலேயே தவறாக இருந்தால் சாதாரணத் திருத்தம். அன்று சரியாக இருந்து பின்னர் வழக்கில் விடுதலையாகியிருந்தால், தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் வழக்கின் 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் சரிபாருங்கள்; அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்திருக்கிறதா என்றும் பாருங்கள். உறுதியானால் செய்தியின் தலைப்பிலேயே ‘பின்னர் விடுவிக்கப்பட்டார்’ என்பதைச் சேருங்கள். அடியில் போட்டால் தேடலில் தெரியாது. சிறு குற்றம், தனி மனிதர், பொது நலன் ஏதுமில்லை என்றால் பெயரை நீக்குவதையோ தேடுபொறியில் வராமல் செய்வதையோ பரிசீலிக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் குளோப் நாளிதழ் 2021இல் இதற்கென்றே ஒரு விண்ணப்ப முறையைத் தொடங்கியது. பொதுப் பதவியில் இருப்பவர்கள், பணத்தோடு தொடர்புடைய மோசடி ஆகியவற்றில் நான் இதற்கு உடன்படுவதில்லை.

சட்டம் இன்னும் நிலைக்கவில்லை. வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர் தீர்ப்பிலுள்ள தன் பெயரை மறைக்கக் கோரியதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021இல் ஏற்கவில்லை; 2024இல் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது; அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமர்வின் ஆணையை நிறுத்தி வைத்தது. ஆகவே நீதிமன்ற ஆணையோடு வரும் கோரிக்கை எதுவும் வழக்கறிஞருக்கு உரியது. முறையான புகார்களுக்கு, 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை, 15 நாளில் முடிவு என்று கெடு வைக்கின்றன. அவ்விதிகளில் நெறிமுறையைப் பின்பற்றுவதையும் மூன்றடுக்குப் புகார் முறையையும் பற்றிய 9(1), 9(3) ஆகியவற்றை மும்பை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுத்தி வைத்தது உண்மைதான். இருந்தாலும் இந்தக் கெடுவை டெஸ்க் தன் கடிகாரமாக வைத்துக்கொள்வதில் நட்டம் ஒன்றுமில்லை.

## அறிகுறி: திருத்தத் திருத்த இன்னொரு ஓட்டை தெரிகிறது

ஒரே செய்திக்கு மூன்றாவது திருத்தம் எழுதுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். ஒட்டுப் போடுவதால் தீராத கோளாறு அது. மூலமே தவறாக இருக்கலாம். பகடித் தளத்தை நம்பியது, போலி ஆவணம், இல்லாத ஆளின் பேட்டி என்று எதுவாகவும் இருக்கலாம். 2022 அக்டோபரில் தி வயர் தளம், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தைப் பற்றி வெளியிட்ட செய்திகளை இங்கே நினைக்க வேண்டும். மெட்டா மறுத்தபோது, அத்தளம் முதல் செய்தியை மறுபடி சோதிப்பதற்குப் பதிலாக அதை நிலைநாட்ட மேலும் ஆவணங்களை வெளியிட்டது. அந்த ஆவணங்களே ஐயத்துக்கு உள்ளாகி, அம்மாதம் முடிவதற்குள் செய்திகளைத் திரும்பப் பெற்று வாசகரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அந்தச் செய்தியில் வேலை செய்யாத ஒருவரிடம் மூல ஆவணங்களைக் கொடுத்து முதலிலிருந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் தன் செய்தியைத் தானே சோதிக்கக் கூடாது. சோதனை முடியும் வரை பக்கத்தின் மேலே ‘இச்செய்தி மறுபரிசீலனையில் உள்ளது’ என்ற வரியைப் போட்டு, சமூக ஊடகத்தில் மேலும் பகிர்வதை நிறுத்துங்கள். திரும்பப் பெறுவது என்று முடிவானால், அதை அறிவிப்பவர் ஆசிரியராக இருக்க வேண்டும், ஷிப்ட் பொறுப்பாளர் தனியாக முடிவெடுக்கக் கூடாது. முகவரி உயிரோடு இருக்கட்டும். அதில் பழைய செய்திக்குப் பதிலாக, என்ன சொல்லியிருந்தோம், எது பொய்த்தது, எப்படித் தெரியவந்தது, எந்த நாளில் திரும்பப் பெற்றோம் என்ற நான்கும் இருக்கட்டும். அந்தச் செய்தியை மேற்கோள் காட்டி நாமே பிறகு எழுதிய செய்திகள் எவை என்று தளத்துக்குள் தேடி, ஒவ்வொன்றிலும் அந்தப் பத்தியை எடுத்துவிட்டுக் குறிப்புச் சேருங்கள். இது சலிப்பான வேலை. ஒரு பெரிய செய்திக்கு ஒரு நாள் முழுக்கப் பிடிக்கலாம். அடுத்த ஷிப்ட்டுக்குத் தள்ளாமல், பட்டியலில் கடைசி வரி அடிக்கப்படும் வரை ஒரே ஆள் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும்.